அதற்கு மட்டும் புள்ளி இல்லை

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு அட்டவணைகள் நீக்கப்படும் என்ற அறிவிப்பை எழுதியவளே செண்பகவல்லிதான். எழுதி அனுப்பிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தவளுக்கு ஒரு வாய் கூட இறங்கவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரெயில் பதிவகத்தின் மதுரைக் கிளையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். அது 2057. கனமான பிரெயில் புத்தகங்கள் எல்லாம் ஒழிந்து, பார்வையற்றவர்கள் அத்தனை பேர் ஆள்காட்டி விரலிலும் ஒரு விரல்பட்டை ஏறியிருந்தது. பஸ்ஸின் பெயர்ப்பலகை, மாத்திரை அட்டை, லிஃப்ட் பொத்தான், வீட்டிலிருந்து வரும் செய்தி, எதுவானாலும் பட்டைக்கு அடியில் புள்ளிகளாக எழும்பும். எதற்கு எந்தப் புள்ளி என்று பட்டைக்குச் சொல்லிக்கொடுப்பது அட்டவணை. தமிழுக்கு ஒன்று, தமிழ்ச் சுருக்கெழுத்துக்கு ஒன்று, மலையாளத்துக்கு, சங்கீதத்துக்கு, கணக்குக்கு என்று ஆயிரக்கணக்கில் அட்டவணைகள் பதிவகத்தில் கிடந்தன. ஓர் அட்டவணை இங்கே மாறினால் எங்கோ ஒருவர் விரலுக்கடியில் அந்த நொடியே உலகம் மாறிவிடும்.

புது வருடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. முதலில் மொழி, அதற்குள் எழுதும் முறை. இரண்டும் தெரியாதவை எல்லாம் 'இதர' என்ற பெட்டியில் போய் விழுந்தன. அந்தப் பெட்டியைத்தான் வெள்ளிக்கிழமை காலி செய்யப்போகிறார்கள்.

"மொழி இல்ல, பேரு இல்ல, ஊரு இல்ல. பாதி காலேஜ் பசங்க விளையாட்டுக்குப் பண்ணது. அதப் போயி ஒண்ணொண்ணாத் தடவிக்கிட்டு இருக்க," என்றார் மேலாளர் வகிதா.

"யாராவது ஒருத்தர் வாசிச்சுக்கிட்டு இருந்தா, மேடம்?"

"அட்டவணை போச்சுன்னா பக்கத்து மொழி தானா வந்துரும்ல. யாருக்கும் இருட்டா இருக்காது."

"கோத்தகிரி அம்மாவுக்கும் தானாத்தான் வந்துச்சு."

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு துப்புரவில் செண்பகவல்லி ஓர் அட்டவணையை நீக்கினாள். மலைமொழி ஒன்றுக்கு எந்தக் காலத்திலோ ஒரு டீச்சர் செய்தது. வாசிப்பவர் ஒரே ஒருவர். நீக்கியதும் அந்த அம்மாவின் விரலுக்கடியில் தமிழ் வந்து நின்றது. அவருக்குத் தமிழ் பிரெயில் தெரியாது. என்ன நடந்தது என்றும் புரியவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. மாத்திரை எது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்தொரு நாள் உட்கார்ந்திருந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். செண்பகவல்லிதான் அன்றிலிருந்து 'நீக்கு' என்ற பொத்தானை நாலு தடவை சரிபார்க்காமல் தொடுவதில்லை.

அதனால் ஒவ்வொன்றாகத் திறந்து, யாராவது வாசிக்கிறார்களா என்று பார்த்தாள். முந்நூற்றாறு வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை. முந்நூற்றேழாவதில் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் யாரும் இல்லை.

விசித்திரமான அட்டவணை அந்த முந்நூற்றேழாவது. எழுத்துக்குப் புள்ளி என்று எதுவுமே இல்லை. ஒரு சின்னப் புள்ளிக்கூட்டம் 'அப்பா கடலுக்குப் போயிட்டாரு.' இன்னொன்று 'அம்மா அடிக்க வாரா, ஓடு.' இன்னொன்று 'கடல் சும்மா கெடக்கு.' இப்படி ஆயிரத்து முந்நூற்று நாற்பது வரிகள். இதைத் தமிழ் என்று அடுக்கினால் சோதனை நிரல் திருப்பித் தள்ளிவிடும். உலகத்தில் உள்ள எந்த மொழியிலும் அது சேராது. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

வாசிப்பவர் பாளையங்கோட்டையில் ஓர் இல்லத்தில் இருக்கும் அருள்சகாயம், வயது ஐம்பத்திரண்டு, பார்வையும் இல்லை, காதும் கேட்காது. அவருடைய பட்டையில் இதைத் தவிர வேறு அட்டவணை ஏறியதே இல்லை. எழுதுபவர் தூத்துக்குடியில். தினமும் காலை ஆறரைக்கு ஒரு போனிலிருந்து தமிழில் தட்டுவார், அட்டவணை அதைப் புள்ளியாக்கி அனுப்பும், பதிலாக வரும் புள்ளியைத் தமிழாக்கிப் போனில் காட்டும். போன் எண், மரிய புஷ்பம் என்ற பெயரில் இருந்தது.

செண்பகவல்லிக்கு உயிர் வந்தது. விதிப்படி, உயிரோடு இருக்கும் இரண்டு பேர் பயன்படுத்தினால் அதைத் தனி மொழியாகவே பதியலாம். இரண்டு பேருடைய சம்மதமும், தலைப்பு வரியில் அவர்கள் பெயரும் இருந்தால் போதும். அருள்சகாயத்தின் சம்மதத்தை இல்லத்தார் அவர் கட்டைவிரலை வைத்து அன்றே அனுப்பிவிட்டார்கள். உடனே தூத்துக்குடி எண்ணுக்குப் போன் போட்டாள்.

எடுத்தது ஓர் ஆண் குரல்.

"மரிய புஷ்பம் அம்மா இருக்காங்களா?"

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க யாரும்மா? எதுக்குக் கேக்கிய?" என்றது குரல். அவள் விவரம் சொன்னாள். "போன்ல பேச முடியாதும்மா. நேர்ல வர முடியுமா?" என்று கேட்டார் அவர்.

வியாழக்கிழமை காலையில் தூத்துக்குடி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தும் வியர்த்தது. போகிற வழியெல்லாம் பட்டையில் நேரத்தையே தடவிப் பார்த்துக்கொண்டு போனாள். ஐந்து மணிக்கு இன்னும் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இன்னொரு பகலும்தான் மிச்சம்.

அவர் பெயர் ஞானப்பிரகாசம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு தட்டில் மக்ரூனும் கடுங்காப்பியும் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் வேறு ஆள் நடமாடும் ஓசை இல்லை.

"புஷ்பம் எம் பொஞ்சாதி. அவ போயி மூணு வருசமாச்சும்மா. ஜூன் மூணாந் தேதி. காலைல எந்திரிச்சவ, தலை சுத்துதுன்னா. அவ்வளவுதான்."

செண்பகவல்லி கையில் எடுத்த மக்ரூனைத் தட்டிலேயே வைத்தாள்.

"அப்ப தினமும் எழுதுறது?"

"நாந்தான். அவள மாதிரி."

அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. அருள்சகாயம் புஷ்பத்தின் தம்பி. குழந்தையிலிருந்தே கண்ணும் காதும் இல்லாத தம்பியின் உள்ளங்கையில் ஆறு இடத்தில் அழுத்தி அழுத்திப் புஷ்பம் ஒரு பேச்சை உண்டாக்கினாள். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. அப்பா அம்மா போன பிறகு அவனை இல்லத்தில் சேர்த்தார்கள். புஷ்பம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போவாள், மற்ற நாளெல்லாம் ஆறு பொத்தான் கருவியில் நேரடியாகப் புள்ளி அடித்து அனுப்புவாள். அவளுக்கு அட்டவணையே தேவைப்பட்டதில்லை.

"அவ செத்த அன்னைக்கு இல்லத்துல சொல்லிட்டேன், அவன்கிட்ட யாரும் ஒண்ணும் காட்டிராதிய, நானே பக்குவமாச் சொல்லுதேன்னு. போயி அவன் கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு அந்தப் புள்ளி ஒண்ணு கூடத் தெரியாது. என்னத்தச் சொல்ல? நாலு மட்டம் போயி நாலு மட்டமும் சும்மா திரும்பி வந்தேன். அப்பந்தான் ஒருநா அவ போனுக்கு ஒரு செய்தி வந்துச்சு, உங்க குடும்பத்துக்கு ஒரு அட்டவணை பதிவாயிருக்குன்னு. தமிழ்ல அடிச்சா அதுவே புள்ளியாக்கிருமாம். போறதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கா பாருங்க, மகராசி."

"அதுல சொல்லியிருக்கலாமே, அவங்க இறந்துட்டாங்கன்னு."

"சொல்லத்தாம்மா உக்காந்தேன். 'அக்கா செத்துப்போயிட்டா'ன்னு அடிச்சேன். ஒண்ணும் வரல, வெறுங் கட்டம். 'இறந்துட்டா'ன்னு அடிச்சேன். வெறுங் கட்டம். 'கர்த்தர்கிட்ட போயிட்டா'ன்னு கூட அடிச்சுப் பாத்தேன். அத்தனைக்கும் புள்ளி இருக்கு, அதுக்கு மட்டும் இல்ல. கோவத்துல 'முட்டு வலி, வர முடியல'ன்னு அடிச்சேன். உடனே போயிருச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சது."

காப்பியை ஊதிக் குடிக்கும் சத்தம் கேட்டது. அதிலேயே அவர் அழுகிறார் என்று தெரிந்தது.

"அவன் தெனமும் பதில் எழுதுவான். கடைசியா ஒரு கேள்வி கண்டிப்பா இருக்கும். 'அக்கா, அத்தான் சாப்பிட்டாரா?' அவன் கேக்கானேன்னுதான் நான் அடுப்பப் பத்த வைக்கேன். இல்லேன்னா இந்த வீட்டுல எவன் சமைக்கப் போறான்?"

செண்பகவல்லி மெல்ல விஷயத்துக்கு வந்தாள். நாளை மாலைக்குள் பதிய வேண்டும். இரண்டாவது ஆளாக அவர் பெயரைப் போட வேண்டும்.

"எம் பேரு போட்டா அவனுக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரியும். புதுசாப் பதிஞ்ச அட்டவணை எறங்கும்போது தலைப்பு வரியப் பட்டை ஒரு தடவை காட்டும். அதுவும் இந்த அட்டவணை வழியாத்தான் போகும். உங்க பேரு இதுல இருக்கு, நான் பாத்துட்டேன். 'எழுதுறது அத்தான்'னு அவர் விரல்ல வந்துரும்."

"அக்கா பேரு?"

"உயிரோட இருக்கறவங்க பேருதான் போட முடியும்."

"அப்ப வேண்டாம். வேண்டவே வேண்டாம்."

"போடலேன்னா சனிக்கிழமை காலைல நீங்க எழுதறது தமிழ்ப் பிரெயிலாப் போகும், சார்."

"அவனுக்குத் தமிழ் தெரியாதே! இல்லத்துல ரெண்டு மட்டம் சொல்லிக்குடுத்துப் பாத்தாங்க. கைய இழுத்துக்கிட்டான்."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள். கோத்தகிரி அம்மாவைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லியே விட்டாள்.

அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "அப்ப ரெண்டுல எதைச் செஞ்சாலும் நாந்தான் அவனக் கொல்லுதேன். மூணு வருசமா ஒரு குருட்டுப் பையன ஏமாத்திருக்கேன்னு அவனுக்குத் தெரியணும், இல்ல அவன் கல்லு மாதிரி உக்காரணும்." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கிடுங்கம்மா. குருடுன்னு வாய் தவறி வந்துட்டு."

"பரவாயில்ல சார். நான் தினமும் கேக்கறதுதான்."

கடைசியில் சம்மதப் படிவத்தில் கட்டைவிரலை வைத்தார். மொழிக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கேட்டதற்கு, "புஷ்பம்னு போடுங்க," என்றார். வாசல் வரை வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "விரல வச்சிட்டேன். அனுப்பறதும் அனுப்பாததும் இனி உங்க கையில. எனக்குத் தெம்பில்ல."

அடுத்தவர் பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வதில் செண்பகவல்லியை மிஞ்ச ஆளில்லை என்று வகிதா கேலி செய்வதுண்டு. மதுரை வரைக்கும் அந்தக் கேலி காதில் ஒலித்துக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை. காலை முழுக்கப் படிவத்தை நிரப்புவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். மொழி: புஷ்பம். முறை: ஆறு புள்ளி. வாசிப்பவர்: அருள்சகாயம். எழுதுபவர்: அங்கே விரல் நின்றுவிடும். மூன்று மணிக்கு வகிதா வந்து தோளைத் தொட்டார்.

"இன்னும் அனுப்பலையா?"

"அனுப்புனா ஒரு ஆளோட அக்கா சாகறாங்க, மேடம். அனுப்பலேன்னா அந்த ஆளே செத்த மாதிரிதான்."

"உனக்கு ரெண்டாவது தடவை இது நடக்கக்கூடாது. நான் சொல்றது அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார் வகிதா. எப்போதும் எரிந்து விழுகிறவர் அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசியது இன்னும் பயத்தைக் கூட்டியது.

சரி, தெரிந்ததையாவது முதலில் நிரப்புவோம் என்று 'செய்தவர்' என்ற கட்டத்துக்குப் போய் மரிய புஷ்பம் என்று தட்டினாள். பதிவேறிய தேதியோடு பொருந்தவில்லை என்று படிவம் திருப்பித் தள்ளியது. பதிவேறிய தேதியைத் தடவினாள். ஜூலை ஒன்பது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூலை ஒன்பது.

புஷ்பம் ஜூன் மூன்றிலேயே போய்விட்டாளே. செத்து ஐந்து வாரம் கழித்து அவள் எப்படி அட்டவணை ஏற்றினாள்?

அந்தப் புள்ளிப் பேச்சு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் இல்லை என்றால் மற்றவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாதே. தமிழ் தெரியாமல் 'அப்பா கடலுக்குப் போயிட்டாரு' என்று அட்டவணையில் எழுத முடியாது.

மூலக் கோப்பைத் திறந்தாள். பதிவகத்தில் யாரும் மூலக் கோப்பைத் திறப்பதில்லை. அட்டவணை செய்பவர்கள் தங்கள் ஞாபகத்துக்காக ஊடே ஊடே கமெண்ட் வரிகள் எழுதி வைப்பார்கள். இயந்திரம் அவற்றைக் கண்டுகொள்ளாது, பட்டைக்கும் போகாது. விரலால் தடவி வாசிப்பவர்களுக்கு அது வீண் நேரம் என்பதால், கமெண்டை உரித்துப் போட்ட கோப்பைத்தான் எல்லாரும் வாசிப்பார்கள். பதினோரு வருடமாக அவளும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில்தான் புதன்கிழமையிலிருந்து அவள் முன்னால் கிடந்ததைத் தொடாமலே இருந்திருக்கிறாள்.

முதல் கமெண்ட்: "இதை அக்கா என் உள்ளங்கையில் இரண்டு முறை அழுத்துவாள். கருவியில் ஒரு முறைதான் முடியும். பரவாயில்லை."

செண்பகவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நூறு வரி தள்ளி: "தமிழ் எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். பக்கத்துக் கட்டில் ராஜமணி வாசிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுத்தார். அக்காவிடம் சொல்லவில்லை. நான் தமிழ் வாசிப்பது தெரிந்தால், இனி நான் எதற்கு என்று நினைத்துவிடுவாள்."

இன்னும் தள்ளி: "இல்லத்தின் பொது வாசிப்புப் பலகையில் பேப்பரைத் திறந்து அக்காவின் அஞ்சலிச் செய்தியைப் படித்தேன். நாலு முறை படித்தேன். யாரும் பார்க்கவில்லை."

அவசரத்தில் ஒரு வரி தவறிப்போய், திரும்ப வந்து வாசித்தாள்.

"அத்தான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அவர் கை மெலிந்துவிட்டது. சாப்பிடுவதில்லை போல. சொல்லவும் தெரியாமல் போகவும் மனம் வராமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக இதைச் செய்கிறேன். அக்கா இருப்பதாகவே அவர் எழுதட்டும்."

கோப்பின் கடைசியில், எல்லா வரிகளும் முடிந்த பிறகு, இன்னொன்று இருந்தது.

"செத்துப்போனதற்குப் புள்ளி வைக்கவில்லை. அத்தான் அதைத்தான் முதலில் தேடுவார்."

செண்பகவல்லி பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். இரண்டு நாளாக யாரை நினைத்துத் தவித்தாளோ அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை. அட்டவணை போனாலும் அருள்சகாயம் தமிழிலேயே எல்லாவற்றையும் வாசித்துக்கொள்வார். போனால் தவிக்கப்போவது தூத்துக்குடியில் தனியாக இருக்கும் அந்த மனுஷன்தான். கல்லாகிப்போகும் தம்பி ஒருவனை நினைத்துக்கொண்டு, தானே கல்லாகி உட்காருவார்.

நாலரை ஆகியிருந்தது. பட்டையை மாட்டிக்கொண்டாள்.

எழுதுபவர்: ஞானப்பிரகாசம். இப்போது அதில் பயமில்லை. தெரிந்ததைத்தான் அவர் விரல் மறுபடி தெரிந்துகொள்ளும். செய்தவர் என்ற கட்டத்துக்கு வந்தாள். அருள்சகாயம் என்று தட்ட ஆரம்பித்தவள் ஐந்தாவது எழுத்தில் நிறுத்தினாள். இந்தத் தலைப்பு வரி ஞானப்பிரகாசத்தின் போனிலும் வரும். மூன்று வருடமாக ஏமாந்தது யார் என்று அந்த ஒரு வரி அவருக்குச் சொல்லிவிடும். நாளைக்கு அவர் எந்த முகத்தோடு எழுதுவார்?

தட்டியதை அழித்தாள். 'தெரியவில்லை' என்று போட்டாள். பதினோரு வருட வேலையில் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. ஐந்தடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். மற்ற நானூற்றுப் பதினொன்றும் ஐந்து மணிக்கு ஓசையில்லாமல் போயின.

சனிக்கிழமை காலை எட்டு மணி வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். தான் நினைத்தது தப்பாக இருந்தால்? எழுதி வைத்தது மூன்று வருடத்துக்கு முன்னால். மனுஷன் மனசு அப்படியேவா இருக்கும்? இப்போது அவர் வேறு ஏதாவது எழுதிவிட்டால்? இனி போதும் என்று சொல்லிவிட்டால்?

எட்டு ஐந்துக்குப் போன் அடித்தது.

"அம்மா, ஞானப்பிரகாசம் பேசுதேன்." குரலில் பாதி அழுகை, பாதி சிரிப்பு. "நல்லவேளை, அவன் கண்டுக்கவே இல்லம்மா! தலைப்பு வரியெல்லாம் அவனுக்கு என்ன வெளங்கப் போவுது. நான் ராத்திரி பூராத் தூங்கல. காலைல பயந்துகிட்டே எழுதுனேன், எப்பவும் போலப் பதில் வந்துட்டு."

"என்ன எழுதியிருக்காரு?"

"அதே தாம்மா. 'கடல் சும்மா கெடக்கா? முட்டு வலி எப்பிடி? அக்கா, அத்தான் சாப்பிட்டாரா?'"

செண்பகவல்லி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களா, சார்?"

"இனிமேத்தான். இந்தா, அடுப்புல தோசைக்கல்லு காயுது," என்றார் அவர்.